காப்பு கைக்கு வந்ததும் கதை நின்றுவிட்டது: பிறரை அடிபணிய வைக்கும் மாயப் பொருளை எப்படி எழுதுவது?

தூவல் கேட்டது:

வணக்கம். மூன்று வருடமாக ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினான்காவது அத்தியாயத்தில் நின்றுபோய் ஐந்து மாதம் ஆகிறது. நேரம் இல்லாமல் நிற்கவில்லை. கதைக்குள் நானே கொண்டுவந்து வைத்த ஒரு பொருள் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

அது ஓர் இரும்புக் காப்பு. தூர்ந்துபோன கிணற்றைத் தோண்டும்போது என் நாயகி வெண்ணிக்குக் கிடைக்கிறது. அதை வலது கையில் அணிந்து, இடது கையால் தொட்டபடி அவள் எதைச் சொன்னாலும், காதில் கேட்டவர் செய்தே ஆக வேண்டும். வெண்ணி அடிமையாக வளர்ந்தவள். "ஏய்", "இவளே" என்று கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பதின்மூன்று வருடம் ஓடியவள். அப்படிப்பட்டவள் கைக்கு மற்றவரை ஏவும் வல்லமை வந்தால் என்ன செய்வாள் என்பதுதான் என் கதை. அந்த எண்ணத்தின்மேல் எனக்கு இன்னும் ஆசை விடவில்லை. அதனால்தான் கேட்க வந்தேன்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் காப்பு கிடைக்கிறது. பத்தாவதில், சிறுவயதில் அவளை விலைக்கு வாங்கிய பண்ணைத் தலைவன் முன்னால் போய் நிற்கிறாள். அந்த இடம் இதுதான்:

"வாளைக் கீழே போடு" என்றாள். போட்டான். "மண்டியிடு" என்றாள். மண்டியிட்டான். "என் பெயரைச் சொல்" என்றாள். "வெண்ணி" என்றான். அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

எழுதிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு நிறைவாக இருந்தது. என் அக்காதான் முதல் வாசகி. படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். "காப்பு கிடைக்கும்வரை அவளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே படித்தேன். கிடைத்த பிறகு பயப்பட எதுவுமே இல்லையே" என்றாள். அவள் சொன்னது சரி. நான்கு அத்தியாயம் தள்ளி நானும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டேன். எந்தச் சிக்கல் வந்தாலும் வெண்ணி காப்பைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடுகிறது.

அதனால் தடை போட ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறைதான் பலிக்கும் என்று வைத்தேன். இன்னும் எத்தனை பாக்கி என்று பக்கத்துக்குப் பக்கம் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ஏவும்போதெல்லாம் கை எரியும் என்று மாற்றினேன். இரண்டு பக்கம் எரிந்தது, மூன்றாம் பக்கத்தில் எனக்கே மறந்துவிட்டது. இரும்பு அணிந்தவரைக் கட்டாது என்று ஒரு விதி வைத்தேன். அடுத்த அத்தியாயத்தில் எதிரிகள் எல்லோரும் இரும்பு அணிந்து வந்தார்கள். எல்லாமே வெளியிலிருந்து மாட்டிய பூட்டாக இருக்கிறது, கதவோடு ஒட்டவில்லை.

கட்டுப்பட்டவருக்கு உள்ளே என்ன நடக்க வேண்டும்? கட்டு காப்போடு போகுமா, அணிந்தவளோடு நிற்குமா? பழைய கதைகளில் இதை எப்படிக் கையாண்டார்கள்? தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

நான்காம் சாமம் எழுதியது:

தூவல், நான் எழுதுகிறவன் இல்லை. நண்பர்கள் ஐந்து பேருக்குப் பல வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை நடத்துகிறேன். கதையை நான் சொல்ல, ஆளுக்கு ஒரு பாத்திரமாக அவர்கள் முடிவெடுக்க, பகடை உருட்டி நகரும் விளையாட்டு. உங்கள் காப்பு போன்ற ஒன்றை நான் ஒருமுறை மேசைக்குக் கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்டேன்.

அது ஓர் எலும்புக் குழல். ஊதினால் கேட்டவர் ஊதியவரின் ஏவலாள். எங்கள் குழுவில் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டாள். நடந்த ஒரு சண்டையில் குழலின் ஓசை சொந்தக் குழுவின் வீரன் காதிலும் விழுந்துவிட்டது. வீரனாக ஆடிய நண்பனுக்கு அந்த நிமிடத்திலிருந்து வேலை இல்லை. "நட" என்றால் நடக்கிறான், "வெட்டு" என்றால் வெட்டுகிறான். முக்கால் மணி நேரம் அவன் தன் பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பகடைக் கோபுரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் அக்கா தாள்களைத் திருப்பிக் கொடுத்ததும் அதுவும் ஒன்றுதான்.

அடுத்த வாரம் அவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன்: "சொல் அவளுடையது. அதற்குப் பொருள் கொள்வது உன்னுடையது." மலைப் பாலம் ஒன்றைக் கடந்த பிறகு அவள் அவனுக்கு ஏவினாள்: "நமக்குப் பின்னால் யாரும் வராதபடி பார்த்துக்கொள்." அவன் கயிறுகளை வெட்டினான். பாலம் பள்ளத்தில் விழுந்தது. பின்னால் யாரும் வரவில்லை. நாங்களும் திரும்பிப் போக வழியில்லாமல் ஆனது. மேசையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து குழல்காரி ஒவ்வொரு ஏவலையும் முதலில் காகிதத்தில் எழுதிப் பார்த்து, கிரயப் பத்திரம் எழுதுகிற மாதிரி ஓட்டை அடைத்து, அப்புறம்தான் வாயைத் திறந்தாள். நான் ஒரு தடைகூடப் போடவில்லை. தன் வார்த்தையைக் கண்டு தானே பயப்படும் நிலைக்கு அவள் வந்துவிட்டாள்.

அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், ஒருவரை மயக்கி நண்பராக்கும் சிறிய மந்திரம் ஒன்று உண்டு. அதிகம் போனால் ஒரு மணி நேரம் நிற்கும். முடிந்ததும், தன்னை மயக்கியது இன்னார் என்று மயங்கியவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கடைசி விதிதான் எனக்குப் பிடித்தது. கட்டு அவிழ்ந்த மறுகணம் எதிரில் இருப்பவர் உங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை நினைத்துத்தான் எங்கள் மேசையில் அந்த மந்திரத்தை எடுக்கவே தயங்குகிறார்கள். உங்கள் பண்ணைத் தலைவன் மறுநாள் காலையில் எதை நினைவில் வைத்திருக்கிறான்?

கட்டு யாரோடு போகும் என்று கேட்டீர்கள். அலாவுதீன் கதையில் பதில் வெளிப்படையாக இருக்கிறது. 1709இல் சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப், ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த அந்துவான் கலானுக்குப் பாரிசில் சொன்ன கதை அது. விளக்கின் பூதம் தோன்றும்போது, விளக்கைக் கையில் வைத்திருப்பவர் யாரோ அவருக்குத் தான் அடிமை என்றுதான் சொல்கிறது. அலாவுதீனுக்கு அடிமை என்று சொல்வதே இல்லை. பழைய விளக்குக்குப் புதிய விளக்கு என்று கூவி மந்திரவாதி அதை வாங்கிக்கொண்டதும், அரண்மனையைக் கட்டிக் கொடுத்த அதே பூதம் அதே பணிவோடு அரண்மனையைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. பகையும் இல்லை, துரோகமும் இல்லை. எனக்கு அந்தப் பணிவுதான் பயமூட்டுகிறது.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கடைசியில் அரண்மனைக் கூடத்தில் தொங்கவிட ருக் என்ற மாபெரும் மாயப் பறவையின் முட்டை வேண்டும் என்று அலாவுதீன் கேட்கிறான். பூதம் அரண்மனையே அதிரும்படி கத்துகிறது: என் எசமானையே கொண்டுவந்து தொங்கவிடச் சொல்கிறாயா என்று. அதுவரை எதற்கும் மறுப்புச் சொல்லாத பூதத்துக்கு உள்ளே ஒரு பக்தி இருந்திருக்கிறது, கேட்டுக்கொண்டிருந்த நமக்கு அது தெரியவே இல்லை. உங்கள் காப்புக்கு எண்ணிக்கையும் எரிச்சலும் எதற்கு? அது தொடவே முடியாத ஒன்று ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

---

பனிமுல்லை எழுதியது:

நான்காம் சாமம் சொன்ன பாலம் அருமை. ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். தூவல், நீங்கள் விதியைத் தேடும் முன்னால் வினைச்சொல்லைத் தேட வேண்டும்.

"போட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கை விரிந்ததா, அவன் விரித்தானா? நம் மொழியில் இந்த இரண்டும் வேறு. விரிந்தது என்றால் தன்வினை, கை தானாக நடந்துகொண்டது. விரித்தான் என்றால் பிறவினை, அவன் செய்தான். பள்ளியில் படித்த இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தச்சன் கட்டினால் இயற்றுதல் கருத்தா, அரசன் கட்டினான் என்றால் ஏவுதல் கருத்தா. கல் சுமந்த ஒருவர் இருக்க, கட்டினவர் பெயரோ இன்னொருவருடையது. அந்த இலக்கணப் பாடத்திலேயே உங்கள் நாவல் இருக்கிறது. ஏவல் என்ற சொல்லையே பாருங்கள். "போடு", "நில்" என்ற வினை வடிவத்துக்கும் அதுதான் பெயர், ஒருவர்மேல் அனுப்பப்படும் மாந்திரீகத்துக்கும் அதுதான் பெயர். இவ்வளவு கூர்மையான கருவி கையில் இருக்கும்போது "போட்டான், மண்டியிட்டான்" என்று தாண்டிப் போகலாமா?

உங்கள் காப்பு உடலைக் கட்டுகிறதா, ஆசையைக் கட்டுகிறதா? உடலைக் கட்டினால் அவன் உள்ளே விழித்துக்கொண்டு தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆசையைக் கட்டினால் வாளைப் போட வேண்டும் என்று அவனுக்கே தோன்றும். தான் கட்டுண்டது அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இரண்டும் வெவ்வேறு நாவல்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதை நான் ஒரு படத்திலிருந்து கற்றேன், அந்தப் படத்தை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிறு களிமண் பெண் உருவம். எகிப்தில் ஒரு மண் கலயத்துக்குள் ஈயத் தகடு ஒன்றோடு கிடைத்தது, ரோமர் ஆட்சிக் காலத்தது. மண்டியிட்டிருக்கிறாள். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன. உடம்பில் 13 ஊசிகள்: உச்சியில், கண்ணில், காதில், வாயில், உள்ளங்காலில் எல்லாம். கதையில் வருவது இல்லை, ஒருவர் உண்மையாகவே செய்து புதைத்தது. ஈயத் தகட்டில் கிரேக்கத்தில் மந்திரம் எழுதியிருக்கிறது. சரபம்மோன் என்பவன் தொலமாயிஸ் என்ற பெண்ணைத் தனக்குக் கட்டுப்படுத்தித் தரும்படி இறந்தவர்களின் ஆவிகளைக் கேட்கிறான். இப்படிப்பட்ட தகடுகளுக்குக் கிரேக்கத்தில் வழங்கிய பெயரின் பொருளே "கட்டு" என்பதுதான்.

அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அவளுக்கு என்மேல் ஆசை வரட்டும் என்பதோடு அவன் நிற்கவில்லை. என்னிடம் வரும்வரை அவள் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, தூங்கக் கூடாது என்கிறான். தலைமயிரைப் பிடித்து இழுத்து வரச் சொல்கிறான். மறுக்கும் உரிமையை அவளிடமிருந்து எடுக்கவில்லை. மறுப்பதைத் தாங்க முடியாததாக ஆக்குகிறான். உடலைக் கட்டுவதைவிடவும் ஆசையைக் கட்டுவதைவிடவும் இது கொடிது என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் கடைசியில் அவள் தன் காலால்தான் நடந்து வருவாள்.

அந்தத் தகட்டில் இன்னொரு வேண்டுதல் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அவள் எனக்கு அடங்கி, என்னை விரும்பி, தன் மனதில் இருப்பதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கிறான். வாயில் ஊசி குத்தியவன் கேட்பது இது! நான் அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன். அடக்கினால் போதும் என்று யாருமே நினைப்பதில்லை போல. அடக்கின பிறகும் உண்மையான ஒரு வார்த்தை வேண்டும். கட்டிப்போட்டவளிடமிருந்து வரும் எந்த வார்த்தையையும் அவனால் நம்ப முடியாது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆசையைக் கட்டும் பொருளுக்கு ஒரு கதை உண்டு. சார்லமேன் பேரரசன் ஒரு பெண்மேல் பித்தாகி, அவள் இறந்த பிறகும் உடலைவிட்டுப் பிரியாமல் கிடக்கிறான். பேராயர் ஒருவர் அவள் நாக்கின் அடியில் ஒரு மோதிரத்தைக் கண்டு எடுத்துவிடுகிறார். அரசனுடைய மோகம் அந்தக் கணமே பேராயர்மேல் தாவுகிறது. அவர் பயந்துபோய் மோதிரத்தை ஜெர்மனியின் ஆஹன் நகருக்கு அருகே சதுப்பு நீரில் எறிகிறார். அரசன் அந்த நீரைவிட்டு நகர மறுத்து அங்கேயே தங்கிவிடுகிறான். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1333இல் அந்த ஊருக்குப் போனபோது கேட்டுக் கடிதத்தில் எழுதிய கதை. அரசன் ஒவ்வொரு முறையும் முழு மனதோடுதான் நேசித்தான். நேசத்துக்கு முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

நம்மிடம் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியவள் பாஞ்சாலி. வன பர்வத்தில் சத்தியபாமா அவளிடம் கேட்கிறாள்: ஐந்து பேரும் உன் சொல் தட்டாமல் இருக்கிறார்களே, மந்திரமா, மூலிகையா, எனக்கும் சொல்லேன் என்று. பாஞ்சாலிக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. மனைவி மருந்தும் மந்திரமும் வைக்கிறாள் என்று கணவனுக்குத் தெரிந்தால், வீட்டுக்குள் பாம்பு புகுந்தாற்போல் அவளைக் கண்டு அஞ்சுவான், அஞ்சுகிறவனுக்கு நிம்மதி ஏது என்று கேட்கிறாள். வெண்ணியின் காப்பைப் பற்றி ஊருக்குத் தெரிந்த பிறகு அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், பேசிக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்களா இல்லையா? அந்தக் காட்சி உங்கள் நாவலில் இல்லை.

கடைசியாக ஒன்று. "ஏய்", "இவளே" என்றுதான் பதின்மூன்று வருடம் கூப்பிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பண்ணைத் தலைவனுக்கு அவள் பெயர் எப்படித் தெரிந்தது?

---

கற்றளி எழுதியது:

பனிமுல்லையின் கடைசிக் கேள்விக்கு மேல் நான் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டே விஷயம்.

எல்லோரும் ஏவப்பட்டவரைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். ஏவியவளும் கட்டுப்படுகிறாள். குந்திக்கு துர்வாசர் கொடுத்தது பொருள் இல்லை, மந்திரம்தான். ஆனாலும் அதில் இருந்த வாக்கு உங்கள் காப்பேதான்: கூப்பிடப்பட்ட தேவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவள் வசப்படுவான். சிறு பெண், வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் கூப்பிட்டாள். சூரியன் வந்து நின்றான். போய்விடு என்று கெஞ்சினாள். வீணாகத் திரும்ப மாட்டேன், திருப்பி அனுப்பினால் உன் தகப்பனையும் மந்திரம் கொடுத்தவரையும் சபிப்பேன் என்றான் அவன். வரவழைக்கத் தெரிந்தது, போகச் சொல்லத் தெரியவில்லை. வெண்ணிக்குக் காப்பைத் தொட்டுச் சொல்லத் தெரியும், சரி. சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியுமா? கிணற்றில் கிடைத்த பொருளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

இன்னொன்று சுலைமான் நபியின் மரணம். குர்ஆனில் 34ஆவது அத்தியாயத்தில் வருகிறது. ஜின்கள் அவருக்குக் கட்டுப்பட்டு வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவர் தன் கோலில் சாய்ந்த நிலையிலேயே இறந்துவிடுகிறார். ஜின்களுக்குத் தெரியவில்லை, இழிவு தரும் அந்த வேலையைத் தொடர்கின்றன. மண்ணில் ஊரும் ஒரு பூச்சி கோலை அரித்து, அவர் கீழே விழுந்த பிறகுதான் உண்மை தெரிகிறது. அந்த நாட்களில் அவற்றைக் கட்டியிருந்தது எது? யாரும் ஏவவில்லை, யாரும் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த ஓர் உருவம் மட்டும்தான். நான் எழுதினால் காப்பு உடைந்து வெகு நாளான பிறகும் வெறும் கையைத் தொட்டுப் பேசும் வெண்ணியை எழுதுவேன். கேட்பவர்கள் அப்போதும் மண்டியிடுவார்கள். ஆனால் இது உங்கள் கதை.

---

தூவல் எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பனிமுல்லை, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடத்தில் அந்தக் காட்சியை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. அவனுக்கு அவள் பெயர் தெரிந்திருக்க வழியே கிடையாது. வாங்கிய அன்று கேட்டிருக்கவும் மாட்டான்.

நான்காம் சாமம், தொட முடியாத ஒன்றைத் தேடச் சொன்னீர்கள், அதுவும் அங்கேயே கிடைத்துவிட்டது. காப்பு அவனிடம் இருப்பதைப் பிடுங்கலாம். இல்லாததை எங்கிருந்து பிடுங்கும்?

உடலைக் கட்டும் காப்பு என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று விதிகளையும் அடித்துவிட்டேன். நேற்று இரவு எழுதியது இது, இன்னும் கரடுமுரடாக இருக்கிறது:

"வாளைக் கீழே போடு" என்றாள்.

அவன் முகம் மறுத்தது. கை கேட்டது. சுண்டுவிரல் முதலில் விரிந்தது, அப்புறம் அடுத்த விரல். கட்டைவிரல் மட்டும் பிடியை விடவில்லை. நகம் வெளுத்துப்போயிற்று. அந்த விரலை அவன் வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். வாள் விழுந்தது.

"மண்டியிடு."

முழங்கால் மடங்கியது. அவள் அவனை இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததே இல்லை. உச்சியில் முடி கொட்டிப்போயிருந்தது.

"என் பெயரைச் சொல்."

வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மூடி, மறுபடி திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "பொன்னி" என்றான். அவள் அசையவில்லை. "காரி" என்றான். "சிறுமலர். நாகை. வள்ளி." அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு பெயரையும் அவளுக்குத் தெரியும். பொன்னி காய்ச்சலில் போனவள். நாகையை வேறு பண்ணைக்கு விற்றார்கள். இவர்கள் பெயரெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "தாமரை. குறிஞ்சி. பொன்னி." மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

கடைசி வரி எழுதும்போது காதைப் பொத்துகிறவள் வெண்ணியாகவே போய்விட்டாள், நான் திட்டமிடவில்லை. அக்காவிடம் இன்னும் காட்டவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. இவர்கள் பெயரெல்லாம் தெரிந்திருந்து வெண்ணியின் பெயர் மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று வாசகர் கேட்பார்களா?

---

பனிமுல்லை எழுதியது:

கேட்பார்கள், கேட்கட்டும். வெண்ணியும் அதைத்தான் கேட்டுக்கொண்டு ஓடுகிறாள். நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். ஆனால் "இவர்கள் பெயரெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். பொன்னியும் நாகையும் வந்த பிறகு அது தேவையில்லை, நீங்கள் வந்து வாசகரின் தோளைத் தட்டுவது போலிருக்கிறது. உச்சியில் முடி கொட்டியதைத் தொடாதீர்கள். அது நல்ல இடம்.

---

நான்காம் சாமம் எழுதியது:

தூவல், ஒன்றைக் கவனித்தீர்களா? அவள் ஏவலைத் திருப்பி எடுக்காமல் ஓடிவிட்டாள். கற்றளி கேட்டது இதைத்தான். அவன் இன்னும் அந்த முற்றத்தில் மண்டியிட்டுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இருட்டிவிட்டது. வேலையாட்கள் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் குறிஞ்சியின் அம்மா இருக்கிறாளா?

பதினோராவது அத்தியாயத்தை அங்கிருந்து எடுங்கள். முடித்ததும் இங்கே போடுங்கள், காத்திருக்கிறோம்.